கொஞ்சம் கெட்ட தண்ணீர் கிடைக்குமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம் இருந்தேன். நடந்தவை இவை:

1. கைப்பையில் தங்கத்துடன் பலாலி விமான நிலையத்தில் இறங்கினேன். உண்மையைச் சொன்னதால் தாமதமாயிற்று.
2. கிருமியுள்ள கிணற்றைத் தேடி உரும்பிராய்க்குப் போனேன். நான் வருகிறேன் என்று கிருமியை அகற்றி வைத்திருந்தார்கள்.
3. யாருக்கும் சொல்லாமல் உடுவிலுக்குப் போனேன். இளநீர் கிடைத்தது.
4. பேருந்தில் என் ஐஸ் பெட்டிக்கு விலை கேட்டார்கள்.
5. வயிறு கெட்டது. கூழின் மேல் பழி விழுந்தது. கூழ் நிரபராதி.
6. கிருமி கிடைத்தது. கிடைத்த இடத்தை வெளியே சொல்ல முடியவில்லை.
7. சொன்னேன்.

பயணச்சீட்டு எடுத்த கதையை விட்டுவிடுகிறேன். ஏன் போனேன் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ள ஏழும் யாரோ மனநிலை சரியில்லாதவள் எழுதியது போல இருக்கும்.

நான் கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய தங்கக் குச்சிகளைத் தயாரித்துத் தண்ணீரில் மிதக்கவிடுவது என் வேலை. அவை கிருமிகளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அகச்சிவப்பு விளக்கைக் காட்டினால் குச்சி சூடாகும், ஒட்டியிருக்கும் கிருமியின் தோல் பொசுங்கிக் கிழியும். சுற்றியுள்ள தண்ணீர் வெதுவெதுப்பாவதோடு சரி. இதை ஆய்வகத்தில் வளர்த்த கிருமிகளிடம் பலமுறை செய்து காட்டியாயிற்று. என் வழிகாட்டிப் பேராசிரியர் திருப்தியடையவில்லை. "நீ கொன்னதெல்லாம் வீட்டுப் பூனைங்க. காட்டுப் பூனை ஒண்ணாவது வேணும். நிஜமான குடிதண்ணி இல்லாம கடைசி அத்தியாயத்தை எங்கிட்டக் கொண்டு வராதே" என்றார். அந்த அத்தியாயம் இல்லாமல் பட்டம் இல்லை. எனக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரம்.

யாழ்ப்பாணத்தைத் தேர்ந்தெடுத்தது தர்சினியால். அங்கே ஓர் ஆய்வகத்தில் வேலை செய்பவள். ஒரு மாநாட்டில் பழக்கம். அவர்கள் ஊரில் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியில் இறங்குவது, வழியில் மண்ணால் வடிகட்டப்படாமல், கல்லின் வெடிப்புகள் வழியே நேராகக் கிணற்றுக்குப் போய்விடும். "நீர் வாரும் நித்தியா. கிருமிக்கு இஞ்சை பஞ்சமில்லை" என்று தொலைபேசியில் சொன்னாள். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு அது சுற்றுலா விளம்பரம் போலவே இருந்தது.

முதல் நாள். சுங்கத்தில் என் குப்பியை ஓர் அதிகாரி எடுத்தார். பழைய தேநீரில் சிவப்பு மை கலந்தது போல ஒரு நிறம். என்னவென்று கேட்டார். மருந்து என்று சொல்லியிருக்கலாம். நான் "தங்கம்" என்றேன். அந்தச் சொல்லுக்கு அங்கே அப்படியொரு மரியாதை. உடனே நாற்காலி போட்டார்கள். இன்னொரு அதிகாரி வந்தார். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற தமிழ் அதிகாரி எனக்கு மொழிபெயர்த்தார்.

"எத்தனை பவுண் எண்டு கேக்கிறார்."

பேராசிரியரின் கடிதத்தைக் காட்டி, என் மூக்குத்தியில் உரசி உதிரும் தூசி அளவுகூட இல்லை என்று விளக்கினேன். அதை மொழிபெயர்த்தார். மூத்தவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார், ஏதோ சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"அப்ப குப்பியை விட்டுப்போட்டு மூக்குத்தியைப் பிடிப்பமாம்."

தங்கியது கொக்குவிலில், தர்சினியின் சின்னம்மா வீட்டில். பெயர் செல்வி, எல்லோருக்கும் செல்வி அன்ரி. கணவர் இல்லை, ஒரே மகன் கனடாவில். தர்சினி அவருடன் இருக்கிறாள். உயர்ந்த மதில், உள்ளே மாமரம், வீட்டின் ஹோலில் கண்ணாடி அலுமாரி. அலுமாரிக்குப் பக்கத்தில், வீட்டு வாசலிலிருந்தே தெரியும்படி, ஒரு ஸ்டூலின் மேல் தண்ணீர் வடிகட்டி. பூவேலை செய்த வெள்ளைத் துணியால் அதற்கு முக்காடு போட்டிருந்தார்கள். நான் முதலில் அதை ஏதோ சாமி விக்கிரகம் என்று நினைத்துச் செருப்பைத் தள்ளி வைத்தேன்.

"மகன் வந்தநேரம் வேண்டித் தந்த பில்ரர்" என்றார் அன்ரி. "நாங்கள் உதிலை குடிக்கிறேல்லை. வாற ஆக்களுக்குத்தான்."

முக்காட்டை விலக்கி, அலுமாரியிலிருந்து நல்ல கண்ணாடி டம்ளரை எடுத்து, குழாயைத் திருகி எனக்குத் தண்ணீர் தந்தார். குளிர்ச்சியாக இருந்தது. நான் தேநீர் குடிப்பதில்லை என்றதும் அவர் முகம் சற்று வாடியது. ஆனால் ஒவ்வொரு வேளையும் வடிகட்டியைத் திறக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று உடனே மலர்ந்தது. வீட்டில் மற்றவர்கள் எந்த நேரமும் பிளேன்ரீ, அதாவது பாலில்லாத தேநீர், குடித்தார்கள். நான் மட்டும் தண்ணீர் குடித்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு இடியப்பமும், தேங்காய்ப்பால் குழம்பான சொதியும். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுத் தருவார்கள். அதைச் சொன்னேன். "சீனியோ?" என்று அன்ரி தர்சினியைப் பார்த்த பார்வையில், கோயம்புத்தூரைப் பற்றிய ஒரு முடிவு எடுக்கப்பட்டது.

இரண்டாம் நாள். உரும்பிராய்க்கு நந்தன் அண்ணையின் ஓட்டோவில் போனோம். அது தோட்டக்காரர்களின் ஊர். மரவள்ளி, வெங்காயம், செம்மண். நாங்கள் தேடிப் போனது ஒரு பங்குக் கிணறு. ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பாகம் பாகமாக உரிமை வைத்து ஆள்வது அந்த ஊர் வழக்கம். சீதனத்தில்கூடக் கிணற்றின் கால்பங்கு, அரைக்கால்பங்கு என்று எழுதுவார்களாம். இந்தக் கிணற்றின் பங்காளிகள் சிவம் அண்ணையும் அவருடைய மச்சானும். மச்சானின் மலசலகூடக் குழிதான் கிணற்றைக் கெடுக்கிறது என்று சிவம் அண்ணை வருடக்கணக்காக, கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் வரை எல்லா அலுவலகங்களுக்கும் முறையிட்டு வந்தவர். தர்சினி முன்பு சோதித்தபோது அந்தத் தண்ணீரில் கிருமி குவிந்திருந்ததாம். மரியாதைக்காக முதல் நாளே அவருக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தாள். அங்கேதான் தவறு நடந்தது.

கிணற்றுக்கட்டுக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. சிவம் அண்ணையும் மச்சானும் ஒரே பக்கத்தில், துவைத்த சாரம் உடுத்தி நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். நீச்சல்குளத்தின் வாசனை வந்தது.

"நேற்று முழுக்க ரெண்டு பேருமாச் சேர்ந்து இறைச்சனாங்கள் பிள்ளை" என்றார் சிவம் அண்ணை. "சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயாவைக் கூட்டிவந்து குளோரினும் போட்டாச்சு. இனி நீங்கள் எந்த மிசின் வைச்சுப் பாத்தாலும் ஒண்டும் காணமாட்டியள்."

"அண்ணை, கிருமி இருக்கெண்டு நீங்கள்தானே கச்சேரி வரைக்கும் போனனீங்கள்?" என்றாள் தர்சினி, பல்லைக் கடித்தபடி.

"அது எங்கடை வீட்டுப் பிரச்சினை. வெளிநாட்டிலையிருந்து வந்த பிள்ளைக்கு ஊத்தைத் தண்ணியைக் காட்டேலுமே?"

மச்சான் தலையாட்டினார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி வெகு காலமாம். என் ஆராய்ச்சியின் முதல் விளைவு இந்தச் சமாதானம்தான். அதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

இருந்தாலும் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். தர்சினியின் ஆய்வகத்தில் வளர்ப்புத் தட்டுகளில் ஊற்றினோம். கெட்ட குடற்கிருமி இருந்தால் மறுநாள் தட்டில் நீலப் புள்ளிகள் முளைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நிச்சயம் சுத்தமான தண்ணீர் ஒன்றும் வேண்டுமல்லவா? என் போத்தலில் அன்ரி நிரப்பித் தந்த வடிகட்டித் தண்ணீர் இருந்தது. அதையும் ஒரு தட்டில் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் உடுவிலுக்குப் போனோம். ஆனால் நந்தன் அண்ணையை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஓட்டோவை மெதுவாக்கி, தெரிந்தவர்களிடம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

"இந்தியாவிலையிருந்து வந்திருக்கிறா. கிருமி தேடுறா."

"அங்கை இல்லையாமோ?"

"இருக்குமாம். எங்கடைதான் வேணுமாம்."

முதல் வீட்டில் வாளியைக் கிணற்றுக்குள் விடப்போன என் கையை ஓர் அம்மா பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளை, வெயிலுக்கை வந்து கிணத்துத் தண்ணி குடிக்கிறதே? இருங்கோ." மகன் தென்னையில் ஏறினான். குடிப்பதற்கு அல்ல, சோதிப்பதற்கு என்றேன். "சோதிக்கிறதுக்கு எங்கடை கிணத்திலை ஒண்டும் இல்லை. மதிலுக்கு அங்காலை கேட்டுப் பாருங்கோ." மதிலுக்கு அங்கால் கேட்டேன். அவர்கள் இங்காலைக் காட்டினார்கள். எல்லா வீட்டிலும் இளநீர் தந்தார்கள். ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் தரவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவின் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். அதற்குள் ஐஸும் காலிப் போத்தல்களும் மட்டுமே. பக்கத்தில் நின்றவர் பெட்டியைத் தட்டி, "விளைமீனோ? கிலோ என்ன விலை?" என்றார். மீன் இல்லை என்றேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "அப்ப நண்டு. சொல்லமாட்டா, வீட்டுக்கு மட்டுந்தான் போலை." நடத்துநர் மீன் பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்றார். திறந்து காட்டினேன். பேருந்தே எட்டிப் பார்த்தது. ஐஸ் மட்டும் கொண்டு போகும் பெண்ணுக்கு உடனே உட்கார இடம் தந்தார்கள், பரிதாபத்தில்.

ஆய்வகத்தில் தட்டுகளைத் திறந்தோம். உரும்பிராய்க் கிணற்றுத் தட்டு வெறுமை. சிவம் அண்ணை சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த தட்டைப் பார்த்த தர்சினி மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நித்தியா, நீர் தட்டை மாறி வைச்சிட்டீரோ?"

நான் தட்டை மாற்றி வைப்பவள் இல்லை. வடிகட்டித் தண்ணீர்த் தட்டில் நீலப் புள்ளிகள். எண்ணத் தொடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் நிறுத்திவிட்டேன்.

எனக்கு அந்தக் கணத்தில் தோன்றியவை, தோன்றிய வரிசையில்: அத்தியாயம் பிழைத்தது, என் வயிற்றுக்கு முதல் நாளிலிருந்து என்ன நடக்கிறது என்பது புரிந்தது, அன்ரி.

வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின மாலை அன்ரி ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய் எல்லாம் கொதித்த, உறைப்பான, அற்புதமான கஞ்சி. அதைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் குடித்தோம். அதற்கு முன்பே எனக்கு வயிறு சரியில்லை. ஆனால் அன்றிரவு நான் நான்காவது முறை கொல்லைப்பக்கம் போனபோது, "இந்தியாக்காரருக்கு எங்கடை உறைப்புத் தாங்காது, பாவம்" என்று அன்ரி கூழுக்காக மன்னிப்புக் கேட்டு, இரண்டு டம்ளர் வடிகட்டித் தண்ணீர் தந்து கூடவே நின்று குடிக்கவைத்தார்.

"ஆனா வீட்டிலை வேற ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையே" என்றாள் தர்சினி. சொல்லும்போதே அவளுக்கும் விடை தெரிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் கொதித்த பிளேன்ரீ குடிப்பவர்கள். வடிகட்டி விருந்தாளிக்கு. விருந்தாளி எப்போதோ வருவார். அதுவரை உள்ளே தண்ணீர் நின்றுகொண்டேயிருக்கும், கிருமி வடிகட்டி உருளையின் கரிக்குள் குடும்பம் நடத்தும். வீட்டுக் கிணற்றில் இடும் குளோரினையும் அந்தக் கரியே உறிஞ்சிவிடும்.

"உள்ளே இருக்கிற உருளையை எப்ப மாத்தினீங்க?" என்றேன்.

"மாத்திறதோ? மாத்திற சாமான் ரெண்டு, கனடாவிலையிருந்து அண்ணை அனுப்பினது, அலுமாரிக்குள்ளை வடிவா அடுக்கி வைச்சிருக்கிறா. அவர் வந்தாப்பிறகு போடுறதாம்."

அலுமாரியில் அவற்றை நானும் பார்த்திருந்தேன். வாசனைத் திரவியம் என்று நினைத்தேன்.

ஒரு தட்டை வைத்து ஒரு வீட்டைக் குற்றம் சொல்லக்கூடாது. மறுபடி சோதிக்க வேண்டும். அதற்குள் யாரும் அதில் குடித்துவிடவும் கூடாது. வீட்டுக்குப் போனதும், எனக்குத் தேநீர் பழகிவிட்டது என்று அறிவித்தேன். அன்ரிக்கு மகிழ்ச்சி. கூடவே, ஆராய்ச்சிக்கு வடிகட்டித் தண்ணீர் ஒரு கேன் வேண்டும் என்றேன். அந்த மகிழ்ச்சியை என்னால் பார்க்க முடியவில்லை. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்கு உடனே செய்தி போனது.

"கேட்டியளே, உரும்பிராய்த் தண்ணி சரிவரேல்லையாம். உடுவிலும் சரிவரேல்லையாம். கடைசியிலை எங்கடை பில்ரர்த் தண்ணிதான் வேணுமாம், ஆராச்சிக்கு!"

ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நான்காம் நாள் முடிவு மாறவில்லை. ஐந்தாம் நாள் குப்பியைத் திறந்தேன். அன்ரியின் தண்ணீரை நான்கு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினேன். ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் தங்கம் மட்டும், ஒன்றில் விளக்கு மட்டும், ஒன்றில் இரண்டும். பார்க்க நந்தன் அண்ணையும் வந்திருந்தார். விளக்கைப் போட்டேன்.

"போடுங்கோவன்."

"போட்டாச்சுங்க அண்ணா."

"எரியேல்லையே?"

"அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சங்க."

நந்தன் அண்ணை குனிந்து குழாயைப் பார்த்தார். "தங்கமும் தெரியாது. கிருமியும் தெரியாது. இப்ப வெளிச்சமும் தெரியாது. பிள்ளை, குறை நினைக்காதையும், உதிலை எதைப் பாக்கிறதுக்கு நீர் பிளேன் ஏறி வந்தனீர்?"

மறுநாள் பார்க்கலாம் என்றேன். அதை அவர் அன்ரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஆறாம் நாள் காலை தட்டுகளைத் திறந்தோம். முதல் மூன்றிலும் நீலம். தங்கமும் வெளிச்சமும் சேர்ந்த நான்காவதில் ஒன்றுமே இல்லை. நான் அமைதியானவள் என்று பெயரெடுத்தவள். தர்சினியைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். திரும்பினால், வாசலில் செல்வி அன்ரி. நல்ல சேலை. கையில் சுடச்சுட வடை.

"சரிவந்திட்டுதோ?"

"ஓம் அன்ரி" என்றேன். என் வாயில் ஆமாங்கவுக்குப் பதிலாக முதல்முறையாக ஓம் வந்தது.

அவர் மேசைக்கு அருகே வந்தார். தட்டுகளைக் குனிந்து பார்த்தார். "உந்த நீலப் புள்ளியள் என்ன?"

"கிருமிங்க. குடல்ல வாழற கிருமி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கூட்டம்."

"சீ. இவ்வளவோ? உது ஆர் வீட்டுத் தண்ணி?"

தர்சினி ஜன்னலைப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு மூன்று வழிகள் தோன்றின. மூன்றும் அவரை அதே தண்ணீரை அடுத்த விருந்தாளிக்கு ஊற்ற வைக்கும்.

"உங்க வீட்டு வடிகட்டித் தண்ணிங்க" என்றேன்.

அவர் வடைப் பொட்டலத்தை மேசையில் வைக்கப் போனார். ஆய்வக மேசையில் உணவு வைக்கக்கூடாது என்று தர்சினி வாய் திறந்து, மூடிக்கொண்டாள். காரணத்தை நான் சொன்னேன்: நின்ற தண்ணீர், மாற்றாத உருளை. அன்ரி கேட்டுக்கொண்டே விரல் மடக்கத் தொடங்கினார்.

"கோயில் ஐயா வந்தநேரம் குடுத்தனான். லண்டன் ஆக்களுக்குக் குடுத்தனான். இவளைப் பொம்பிளை பாக்க வந்தவைக்கு..." நிறுத்தினார். "அவை பிறகு வரவேயில்லை."

"அந்தாள் ரெண்டு கிளாஸ் குடிச்சவர்" என்றாள் தர்சினி மெதுவாக. பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "சின்னம்மா, அந்தப் பில்ரரை ஒருக்காலும் எறியக்கூடாது!"

"வாயை மூடடி." ஆனால் உதட்டோரம் துடித்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "நல்லதைத்தான் குடுக்கிறன் எண்டு நினைச்சன், பிள்ளை. உன்ரை வயித்தையும் கெடுத்துப்போட்டன்."

"உங்க தண்ணி இல்லைன்னா எனக்குப் பட்டமே இல்லைங்க அன்ரி."

அவர் நீலப் புள்ளிகளைச் சுட்டினார். "சரி. உதை எப்பிடிக் கொன்றனி?"

சொன்னேன். தங்கம், வெளிச்சம், சூடு.

"சூடாக்கித்தானே கொல்லுறாய்? உதை எங்கடை தேத்தண்ணிக் கேத்தில் செய்யுமே."

செய்யும். ஒரு கிணற்றையே கொதிக்கவைக்க முடியாது, விறகும் எரிவாயுவும் இல்லாத இடங்கள் உண்டு, என் முறையில் தண்ணீர் முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒரு வீட்டுக்குக் கேத்தில் போதும் என்பதும் உண்மை.

"அப்ப இந்தத் தண்ணியை இப்பக் குடிக்கலாமோ?" என்று நான்காவது குழாயைக் காட்டினார்.

"இல்லைங்க. தங்கம் உள்ளேயே இருக்குது. அதைத் திரும்ப எடுக்கிற வழியை இன்னும் கண்டுபிடிக்கலை."

"கேத்திலிலை அந்தப் பிரச்சினையும் இல்லை" என்றார், வெற்றியைக் காட்டிக்கொள்ளாமல்.

போகும்போது ஒரு வேண்டுகோள் வைத்தார். "எழுதேக்கை உரும்பிராய்த் தண்ணி எண்டு எழுதிவிடு. அவங்களுக்குப் பழகிப்போச்சு." முடியாது என்றேன், எடுத்த இடத்தைத்தான் எழுத வேண்டும். நீண்ட பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. "கொக்குவில் எண்டு மட்டும் போடு. வீட்டைச் சொல்லாதை. எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படட்டும்." இந்தக் கட்டுரைக்கும் அதே நிபந்தனை. ஆகவே பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.

கடைசி நாள் காலை அன்ரி அதே நல்ல கண்ணாடி டம்ளரில், கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை எனக்குத் தந்தார். தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு, நான் குடிக்குமுன் தான் குடித்துக் காட்டினார்.

இப்போது நிலைமை இது. அத்தியாயத்தைப் பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். இன்னும் சில வீட்டுத் தண்ணீர் வேண்டும் என்கிறார். தங்கத்தைத் திரும்ப எடுக்கும் வழி கிடைக்கவில்லை. உரும்பிராயில் சிவம் அண்ணையும் மச்சானும் மறுபடி பேசுவதில்லை. ஆகவே அந்தக் கிணறு விரைவில் சோதனைக்குத் தயாராகிவிடும் என்று தர்சினி எழுதியிருக்கிறாள். வடிகட்டி ஹோலில் அதே இடத்தில், முக்காட்டுடன், தண்ணீர் இல்லாமல் நிற்கிறது. புது உருளைகள் அலுமாரியில் பிரிக்காமல் இருக்கின்றன. மகன் ஆவணியில் வருகிறார்.